அப்பாவின் பத்தியம்

சமையலறை அலமாரியில் அலாரம் அலறியது. கையிலிருந்த பெட்டியைக் கீழே வைக்கப்போன மகள் அப்படியே நின்றாள். அது அப்பாவின் சாப்பாட்டு அலாரம். அப்பா இறந்து ஒரு மாதமாகிறது.

அம்மா பதறாமல் வந்து அதன் தலையில் தட்டினாள். குழைய வெந்த சோறு, தோல் சீவி வேகவைத்து மசித்த கேரட், வெந்நீர், தகர டப்பாவிலிருந்து ஒரு மாத்திரை. எல்லாவற்றையும் தட்டில் எடுத்துக்கொண்டு அப்பாவின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மகள் கதவில் காதை வைத்தாள். அம்மாவின் குரல் மட்டும் தணிவாகக் கேட்டது.

"அவசரமில்லே... அவசரமில்லே..."

சாப்பிட உட்கார்ந்தால் கவளத்துக்குக் கவளம் அப்பா முணுமுணுக்கிற வார்த்தை அது.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. தட்டு துடைத்தாற்போல் காலியாக இருந்தது.

"யாரும்மா சாப்பிட்டா?"

"உங்கப்பா போட்ட சட்டம்டி. அவர் இல்லேன்னு மாத்திட முடியுமா?" என்று சொல்லிவிட்டு அம்மா தட்டைக் கழுவப் போனாள்.

கீழ்வீட்டில் இருக்கும் அத்தை போனில் சொன்னபோது மகள் நம்பவில்லை. செத்தவனுக்கு வேளாவேளைக்குச் சோறு போகிறதாம். விடிகாலையில் அவன் எழுந்திருக்கிற நேரத்துக்குச் சரியாகக் கக்கூசில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்கிறதாம். "என் தம்பி இன்னும் வீட்டை விட்டுப் போகலைடி. உங்கம்மா போகவிடலை" என்றாள் அத்தை.

அத்தையின் வாயை நம்பி எதையும் முடிவு செய்ய முடியாது. சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு வந்த சித்தி, கல்யாணமான புதிதில் தலை சுற்றுகிறது என்று ஒருமுறை உட்கார்ந்ததற்கு, சீக்காளியைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று வருஷக்கணக்கில் தெருவெல்லாம் சொன்ன வாய் அது. ஆனால் இந்த முறை அத்தை பொய் சொல்லவில்லை.

அப்பா பஸ் டிரைவர். குடலில் புண், ஆறும், மறுபடி கிளம்பும், அடியோடு தீராது, பத்தியமும் மாத்திரையும்தான் கடைசிவரை என்று டாக்டர் சொன்னதை ஊருக்கே தமுக்கடித்தவர். காரம் கூடாது, பால் கூடாது, பச்சைக் காய்கறி கூடாது, வேளை தவறக் கூடாது. விருந்துக்குப் போனால் பந்தியில் பாதியில், "வயிறு கடமுடாங்குது, கிளம்பு" என்று அம்மாவையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்.

டிப்போவில் அவருக்குப் பேரே கஞ்சி டிரைவர். கஞ்சி குடித்தே இந்தத் தொப்பை என்றால், கறி தின்றால் ஸ்டியரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவில் எப்படி நுழைவாய் என்று கூட்டாளிகள் கேட்பார்கள். அப்பாவும் சேர்ந்து சிரிப்பார்.

ஒருமுறை டிப்போ கேன்டீனில் அவர் மிளகாய் பூசி வறுத்த மீனை விரல் நக்கித் தின்றுகொண்டிருந்ததை மகளே பார்த்துவிட்டாள். அப்பா அசடு வழிந்தார். "அம்மாகிட்ட சொல்லிடாதேம்மா. பாவம் அவ" என்றார். அவளும் சொல்லவில்லை. பிறகு ஒருநாள், டியூட்டி முடித்து வந்து நாற்காலியில் சாய்ந்தவருக்கு நெஞ்சு நின்றுபோனது.

மகள் அம்மாவைப் பார்த்தாள். ரவிக்கைக் கைக்குள் எலும்புதான் இருந்தது. ஒரு வீட்டில் இரண்டு சமையல் எதற்கு என்று காலமெல்லாம் அவளும் அந்தச் சப்பைச் சோற்றையே தின்றவள். உயிரோடிருந்தபோது உருக்கியது போதாதென்று, செத்தும் அவளைப் பிடித்துக்கொண்டிருக்கிறாரா அப்பா?

பிடித்திருப்பது பேயோ பித்தோ, இன்றோடு முடிக்க வேண்டும். நாளைக்கு அம்மாவைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் மனநல மருத்துவரிடம் காட்டுவது என்று அவள் தீர்மானித்தாள்.

அம்மா குளியலறைக்குப் போனாள். வெளியே வர வெகுநேரமானது. அதற்குள் தெருமுனையில் குப்பை வண்டியின் மணி கேட்டது. மகள் மாத்திரை டப்பாவை எடுத்துக்கொண்டு படியிறங்கி ஓடினாள். வண்டி அதை விழுங்கிக்கொண்டு நகர்ந்தது.

திரும்பி வந்து அலாரத்தின் பேட்டரியைக் கழற்றினாள். அப்புறம் கடைக்குப் போய் மீன் வாங்கி வந்து, மிளகாய் பூசி வறுத்தாள். வீடெங்கும் நெடி ஏறியது. அறையில் படுத்திருந்த அம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள்.

சாயங்காலம் அடுத்த சாப்பாட்டு நேரம் வந்தது. அலாரம் அடிக்கவில்லை.

அம்மா எழுந்தாள்.

யாரோ தோளைத் தொட்டு எழுப்பியதுபோல எழுந்து நேராக அலமாரிக்குப் போனாள். டப்பா இருந்த இடத்தைக் கை தடவியது. மறுபடியும் தடவியது.

"மாத்திரை எங்கேடி?"

"குப்பை வண்டியில போட்டுட்டேன்." மகள் அவளைத் தோளைப் பிடித்து உட்காரவைத்து, மீன் தட்டை முன்னால் நகர்த்தினாள். "அப்பா போயிட்டாரும்மா. இனிமே அவருக்குப் பத்தியமும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம். நீயாவது வாய்க்கு ருசியா சாப்பிடு."

அம்மா மீனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கை அடிவயிற்றை அழுத்திக்கொண்டது. ஆணியில் தொங்கிய டிரைவர் சட்டையை, அனுமதி கேட்பதுபோல் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். கீழ்வீட்டுக்குக் கேட்காமல் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"நோய் எனக்குடி. பேரை மட்டும்தான் உங்கப்பா வாங்கிக்கிட்டார்."