தள்ள வந்த டிரெய்லர்

மலையடிவாரத்தில் பாரம் இழுக்கும்போது தாழ்ந்த கியரிலேயே நிற்கச் சொல்லும் பட்டனை டிரைவர் அமுக்கியதிலிருந்து பிக்கப் வண்டியின் கியர்பாக்ஸ் அவசரப்படவே இல்லை. ஏற்றம் முழுக்க இரண்டாவது கியரிலேயே நின்றது. பின்னால் கட்டிய டிரெய்லர் கருங்கல் லோடோடு ஊமையாக இழுபட்டு வந்தது.

இறக்கம் தொடங்கியதும் டிரெய்லருக்கு வாய் வந்தது. கியர்பாக்ஸிடம் சொன்னது: "பாவம், களைச்சுப் போயிட்டீங்கண்ணே. விடுங்க, இனி நான் தள்ளுறேன்."

"அவன் சொல்றதைக் கேளேன்டா, மூணாவதுக்குப் போ! எனக்குத் தொண்டை கிழியுது," என்று அலறியது எஞ்சின்.

முன்னால் கொண்டை ஊசி வளைவு. அதற்கப்பால் வெறும் ஆகாயம். டிரெய்லர் முட்டித் தள்ளியது. கியர்பாக்ஸ், வேகத்தை அடக்கும் முதல் கியருக்கு இறங்கியது. எஞ்சின் கதறக் கதற, வண்டி வளைவை ஊர்ந்து கடந்தது.

"நல்லதுக்குக் காலமில்லை," என்று முனகியது டிரெய்லர்.

எதிரே அடுத்த ஏற்றம் தெரிந்தது.

"சரி தம்பி, இப்பத் தள்ளு," என்றது கியர்பாக்ஸ்.