இருபத்தெட்டாம் வசனம்

பிரதர் ஆசீர்வாதம் வேதாகமத்தைப் படித்ததைவிட மின்வெட்டு அட்டவணையைப் படித்ததுதான் அதிகம்.

ஆசீர்வாதம் என்ற பெயரே இந்த ஊருக்காக வைத்துக்கொண்டது. போன மாதம் செவ்வாப்பேட்டையில் அவருக்கு வேறு பெயர். அங்கே சொந்தமாக ஒரு வசனம் தயாரித்துச் சொல்லி, பெண்களின் நகையைக் காணிக்கையாகக் கேட்டார். கேட்டதுதான் தாமதம், கூடியிருந்த அத்தனை பேரும் சரசரவென்று பக்கம் புரட்ட ஆரம்பித்தார்கள். "எங்க பைபிள்ல அப்படி இல்லியே பிரதர்" என்று முன்வரிசையில் ஒருவர் எழுந்ததும், இவர் செருப்பைக்கூடத் தேடாமல் ஓடிப்போய் ரயில் ஏறினார். ரயில் மாறி, வெறுங்காலோடு கும்மிடிப்பூண்டியில் வந்து இறங்கியவரைப் பார்த்து, "ஊழியக்காரருன்னா இவுரு. எவ்ளோ எளிமை பாரு" என்று இங்கே மெச்சிக்கொண்டார்கள் என்பது வேறு விஷயம்.

சிப்காட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகைச் சபை. அதை நடத்துகிற தாவீது, ஒரு இரும்புக் கம்பெனியில் ஃபோர்மேன். முதல் நாளே அவர் ஆசீர்வாதத்தின் தலையில் குண்டைத் தூக்கிப் போட்டார்.

"நம்ம சபையில ஒரு பழக்கம் கீது பிரதர். காலையில அவங்கவங்க ஊட்ல வேதத்தைப் படிச்சிட்டுதான் வேலைக்கே போவாங்க. இங்க யாரு பிரசங்கம் பண்ணாலும் சரி, அந்த வசனத்தைத் தேடிப் பாத்துக்கினு அப்பறந்தான் ஆமென். கள்ளப் போதகனுங்க தொல்லை ஜாஸ்தியா பூட்ச்சு. இன்னா பண்றது?"

"ரொம்ப நல்ல பழக்கம்" என்றார் ஆசீர்வாதம்.

ஊர் மாறியும் தலையெழுத்து மாறவில்லையே என்று அறைக்கு வந்து தன்னைத்தானே திட்டித் தீர்த்தார். ஒழுங்காக வேதத்தைப் படித்திருந்தால் இருக்கிற வசனத்தையே கொஞ்சம் வளைத்து ஒப்பேற்றியிருக்கலாம். படிக்கச் சோம்பல். பள்ளிக்கூடத்தில் படிப்பு ஏறவில்லை என்றுதான் இந்தத் தொழிலுக்கே வந்தார். இங்கேயும் படிப்பு கேட்கிறார்களே, மனுஷன் எங்கேதான் போவான்?

அப்போது பார்த்துக் கரண்ட் போனது. இருட்டில் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் யோசனை வந்தது. இருட்டில் எவன் பக்கம் புரட்டுவான்?

அது இரண்டாயிரத்து எட்டாம் வருஷம். எங்கே எப்போது கரண்ட் போகும் என்று பேப்பரிலேயே போட்டார்கள். வியாழக்கிழமை பொழுது சாய்ந்ததும் அந்தப் பக்கம் முழுக்க இருட்டு. நல்ல நேரம், அந்த வாரம் தாவீதுக்கு செகண்ட் ஷிப்ட்.

அதுவரைக்கும் யோசுவா புத்தகத்தை எடுத்து, எரிகோ மதில் விழுந்த கதையையே தினமும் பிரசங்கம் செய்தார். சனங்களும் புரட்டிப் பார்த்து ஆமென் சொன்னார்கள். அவருக்குச் சுவரோரம் உட்காருகிற மேரியைத்தான் ரொம்பப் பிடித்துப்போனது. கையில் கனமான வளையல்கள். பக்கத்து வீட்டு சந்திரகலா கையைப் பிடித்துக் கூட்டிவராமல் தனியாக வரக்கூடத் தைரியமில்லாத பெண். மற்றவர்கள் அரக்கப்பரக்கப் பக்கம் புரட்டும்போது இவள் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு, மடியில் இருக்கும் கட்டைப்பைக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டே இருப்பாள். பிரசங்கத்தில் முறுக்கு தின்கிறவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். இந்த மாதிரி நாலு பேர் இருந்தால் போதும்.

வியாழக்கிழமை வந்தது.

"இன்னிக்கு இருட்டுல காத்திருக்கிற ஜெபம். மெழுகுவத்தி வேணாம். செல்போனையெல்லாம் ஆஃப் பண்ணிடுங்க" என்றார். சொன்ன நேரத்துக்கு ஃபேன் நின்றது. மின்வாரியத்தை மனதுக்குள் வாழ்த்திவிட்டு ஆரம்பித்தார்.

"யோசுவா ஆறாம் அதிகாரம், இருபத்தெட்டாம் வசனம். ஸ்திரீகள் தங்கள் பொன் ஆபரணங்களைக் கழற்றி ஊழியக்காரன் கையில் ஒப்புவிக்கக்கடவர்கள். ஏழாம் நாளிலே அவைகளை இரட்டிப்பாய்ப் பெற்றுக்கொள்வார்கள்."

ஏழாம் நாள் என்ன, கூட்டம் கலைந்ததும் கூடூர் ரயிலைப் பிடித்தால் ஆந்திராவுக்குள் போய்விடலாம். இருட்டில் தயங்கித் தயங்கி ஒரு ஆமென் வந்தது. பிறகு இன்னொன்று. வளையல்கள் கழலுகிற சத்தம் கேட்டு அவர் துண்டை விரித்துப் பிடித்தார்.

"பிரதர், ஆறாம் அதிகாரத்துல மொத்தமே இருபத்தேழு வசனந்தானே கீது?"

மேரியின் குரல். வளையல் சத்தம் நின்றுவிட்டது.

"சிஸ்டர், இந்த இருட்டுல யாராலயும் வேதத்தைப் பாக்க முடியாது. ஞாபகத்துல இருக்கறதைச் சொல்லி ஜனங்களைக் குழப்பாதீங்க."

"ஞாபகத்துல சொல்லல பிரதர். இப்ப படிச்சிக்கினுதான் கீறேன். யோசுவாவோட பேரு தேசம் பூரா பரவிச்சின்னு வருது. அத்தோட அதிகாரம் முடிஞ்சிபோச்சு."

"பொய் சொல்றீங்க சிஸ்டர்."

ஆசீர்வாதத்துக்கு நிஜமாகவே கோபம் வந்தது. இத்தனை வருஷம் பொய்யே தொழிலாக இருந்தும், இவ்வளவு கூசாமல் அவரால் சொல்ல முடிந்ததில்லை.

அந்த நேரம் கரண்ட் வந்தது. அட்டவணையை நம்பினால் இப்படித்தான். ஆனாலும் இது நல்லதற்குத்தான் என்று ஒரே தாவலில் சுவரோரம் போனார். மேரியின் மடியில் தலகாணி மாதிரி ஒரு தடித்த புத்தகம் விரிந்து கிடந்தது. எட்டிப் பார்த்தார். பக்கத்தில் ஒரு எழுத்துகூட இல்லை. பிழைத்தோம் என்று இருந்தது அவருக்கு.

"எல்லாரும் வந்து பாருங்க. வெறும் வெள்ளைத் தாளு. இதைத்தான் படிச்சாங்களாம்."

யாரும் மேரியைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தார்கள். கழற்றிய வளையல்களைப் பெண்கள் மறுபடி மாட்டிக்கொண்டார்கள். வாசலோரம் இருந்தவர்கள் கதவைத் தாழ்போட்டார்கள். யாரோ தாவீதுக்குப் போன் போட்டார்கள்.

பிறந்ததிலிருந்தே வெளிச்சத்தைப் பார்த்திராத மேரி, அந்த வெள்ளைத் தாளில் புள்ளி புள்ளியாய்ப் புடைத்திருந்த கடைசி வரியிலிருந்து விரலை எடுக்காமலே, சந்திரகலா பக்கம் திரும்பி, "கரண்ட் வந்துட்ச்சா?" என்று கேட்டாள்.