தொட்டுக் காட்டிய தோள்

மரத்தின் மேல் இருந்தவரைப் பார்த்ததுமே கோவிந்தராஜுக்குத் தெரிந்துவிட்டது. அதே நெற்றி, அதே மூக்கு.

அவர் சில்வர் ஓக் மரத்தில் படர்ந்திருந்த கொடியில் மிளகு பறித்துக்கொண்டிருந்தார். ஆள் வந்து நிற்பதைக் கண்டதும் மரத்தை இரு கையாலும் கட்டிப் பிடித்துச் சரசரவென இறங்கினார்.

"ஏனுங்க, யாரு வேணுங்க?"

"ஏற்காட்டுல மளிகைக் கடை வெச்சிருக்கற கோவிந்தராஜுங்க. எழுபத்தெட்டுல, எஸ்டேட் ரைட்டர் கொலைக் கேஸ்ல சாட்சி சொன்னவன்."

அவர் முதுகில் மாட்டியிருந்த கூடையைக் கழற்றிக் கீழே வைத்தார்.

வெள்ளக்கடைக்கு வந்த பஸ்ஸில் யோசித்து வைத்த பேச்சு எல்லாம் கோவிந்தராஜுக்கு மறந்துபோனது. ஏழு வருடம் உள்ளே இருந்த மாதப்பனை மேல்கோர்ட்டு போன மாதம்தான் விடுதலை செய்திருந்தது. ஒப்புதல் வாக்குமூலம் அடித்து வாங்கியது, அந்த அடியில் வலது கை விரல்கள் மடங்காமலே போய்விட்டன என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். கோவிந்தராஜின் சாட்சியம் நம்பத்தக்கதல்ல என்றும் போட்டிருந்தார்கள்.

"அன்னைக்கி எதைத்தான் பாத்தீங்க?"

"ஒரே பனிங்க. கருப்புக் கம்பளி போத்திக்கிட்டு ஒருத்தர் ஓடுனாரு. அவ்வளவுதான் பாத்தேன்."

"அப்பறம் ஜெயில்ல வரிசையா நிக்க வெச்ச பத்துப் பேர்த்துல ஒருத்தனை எப்படித் தோளைத் தொட்டுக் காட்டுனீங்க?"

கோவிந்தராஜ் தலையைக் குனிந்துகொண்டார். "போலீஸ்காரரு முந்தின நாளே ஸ்டேஷன்ல வெச்சுக் காட்டிட்டாருங்க. எனக்கும் மலைக்காரங்கன்னா எல்லாம் ஒரே மூஞ்சியாத்தான் தெரிஞ்சுது."

"கோர்ட்டுல நொம்ப உறுதியாச் சொன்னீங்களாமே. ஒருக்காப் பாத்த மூஞ்சி மறக்காதுன்னு."

"சொன்னனுங்க."

"அதைக் கேட்டுட்டு ஊட்டுக்கு வந்து படுத்த எங்கம்மா அப்பறம் எந்திரிக்கவே இல்லைங்க."

கோவிந்தராஜ் செருப்பைக் கழற்றினார். மிளகுக் காம்புகள் சிதறிக் கிடந்த ஈர மண்ணில் அப்படியே அவர் காலில் விழுந்தார்.

"மாதப்பன், என்னைய மன்னிச்சிருங்க. கடையில உக்காந்தா வர்றவங்க மூஞ்சியப் பாக்கவே கூசுதுங்க."

அவர் காலை விலக்கிக்கொள்ளவில்லை. கோவிந்தராஜ் அழுது முடிக்கும்வரை அங்கேயே நின்றார்.

"எந்திரிங்க," என்றார் பிறகு. "எங்கண்ணன் ஊட்டுக்குள்ள படுத்திருக்கறாரு. இந்தத் தடவயும் ஆளு மாறிப் போச்சுங்க."