பாதையில் படுத்த ஆடுகள்

அந்தக் கோடையில் காட்டில் ஒரே ஒரு குட்டையில்தான் தண்ணீர் மிஞ்சியிருந்தது. கரியன் என்ற எருமைக்கடா தினமும் விடிந்ததும் அதில் இறங்கிப் புரளும். அது கரையேறிய பிறகு, கலங்கிய சேற்றுத் தண்ணீரைத்தான் ஆடுகள் குடித்தன. அதைக் குடித்துச் செவலி என்ற ஆட்டின் குட்டி கழிந்து கழிந்து செத்துப்போனது.

மறுநாள் விடியுமுன்பே செவலி போய், இருபுறமும் முள் அடர்ந்த குட்டைப் பாதையில் குறுக்கே படுத்துக்கொண்டது.

"எந்திரி. மிதிச்சிடுவேன்" என்றது கரியன்.

"மிதி. நான் எந்திரிக்கப் போறதில்ல."

கரியன் முன்னங்காலைத் தூக்கியது. செவலி நகரவில்லை. அப்போது ஒரு கிழட்டு ஆடு வந்து அதை ஒட்டிப் படுத்தது. அடுத்து ஒரு சினையாடு. பிறகு மந்தையே வந்து பாதையை அடைத்துப் படுத்தது.

கரியன் காலை மெல்லப் பின்னால் எடுத்து வைத்தது. "எவ்வளவு நேரம் இப்படிக் கிடப்பீங்க?"

"குட்டிங்க குடிச்சு முடிக்கிற வரைக்கும்" என்றது செவலி.

குட்டிகள் தாய்களின் முதுகைத் தாண்டி ஓடித் தெளிந்த தண்ணீரில் வாய் வைத்தன. மற்ற ஆடுகளெல்லாம் திரும்பிப் பார்த்தன. செவலி மட்டும் கரியன்மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை.