ஸுபிரின் ஹாரன்

துனிசியாவின் பிஸர்த் துறைமுகச் சாலையில், பழைய கார் பேரணி முடிகிற இடத்தில், கார்கள் ஒவ்வொன்றாக வந்து நிற்கின்றன. வந்து சேர்கிற கார் கல்யாண ஊர்வலம் மாதிரி ஹாரன் அடிக்க வேண்டும், கூட்டம் கைதட்ட வேண்டும். எங்கள் வெள்ளை பியூஜோவின் அல்ஜீரிய நம்பர் பலகையைப் பார்த்ததும் சத்தம் இன்னும் கூடுகிறது. நானும் பூஅலாமும் முதலிலேயே இறங்கிவிட்டோம். ஸுபிர்தான் ஓட்டிக்கொண்டு வந்தவன். எல்லையிலிருந்தே அவனுக்குக் கிண்டல். "கழுதை வண்டிகூட நம்மள முந்துதுடா, மிதி!" என்றால், "முழுசாப் போய்ச் சேரணும்ல?" என்பான். இப்போது ஹாரன் அடிக்க அவன் முறை. ஹாரன் நீளமாக, விடாமல் அலறுகிறது. பெண்கள் குலவையிடுகிறார்கள். கைதட்டல் தாளம் பிடிக்கிறது. "போதும்டா மாப்ளே, காது போச்சு!" என்று பூஅலாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். முன்கண்ணாடி முழுக்கக் கடல் வெயில். உள்ளே ஒன்றும் தெரியவில்லை. சிரித்துக்கொண்டே நான் கதவைத் திறக்கிறேன். ஸுபிரின் நெஞ்சு ஸ்டியரிங் மேல் கவிழ்ந்து கிடக்கிறது. கண் திறந்திருக்கிறது. பாதி கடித்த பேரீச்சம்பழம் உதட்டில் ஒட்டியிருக்கிறது. தோளைப் பிடித்து நிமிர்த்துகிறேன். தலை என் கைமேல் சரிகிறது. ஹாரன் நின்றுவிடுகிறது. "இன்னொரு தடவை!" என்று கூட்டம் கத்துகிறது. "இன்னொரு தடவை!"