வேங்கைக்குளம் மிளகாய் மொசைக்

கையெழுத்துக்கான இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டுக் கொடுத்திருந்தார்கள்.

அவள் பேனாவைத் திறக்கவில்லை.

மேலே, தடித்த எழுத்தில் வைரஸின் பெயர். வேங்கைக்குளம் மிளகாய் மொசைக். உலகுக்கே புதிது என்று அடுத்த வரி.

வேங்கைக்குளத்தில் மிளகாய் விளைவதில்லை. ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநர் மட்டும் விளைந்திருக்கிறார்.

'பரிசோதித்தவர்' என்ற இடத்தில் அவள் கையெழுத்துதான் பாக்கி.

"ஒரு கையெழுத்துதானே கேக்குறோம், கிட்னியா கேக்குறோம்?" என்றார் இயக்குநரின் உதவியாளர் சற்குணம். "உங்க ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடியுது மேடம். பாத்துக்குங்க. பதினோரு மணிக்குப் பத்திரிகைக்காரங்க வந்துருவாங்க."

கண்ணாடிக் கூடத்தில் பன்னிரண்டு வரிசை மிளகாய். முதல் வரிசையில் மட்டும் இலைகள் வெளிர்பச்சையும் கரும்பச்சையுமாகத் திட்டுத்திட்டாய்ச் சுருங்கியிருந்தன. மற்ற பதினொன்றும் தளதளவென்று நின்றன.

முதல் வரிசையில்தான் இயக்குநர் இலையை வருடியபடி படம் எடுத்துக்கொள்வார். அங்கேதான் வெளிச்சம் முகத்தில் விழும்.

கை கழுவிவிட்டு உள்ளே வரவும் என்று வாசலில் பலகை உண்டு. அது சம்பளம் குறைந்தவர்களுக்கு.

இயக்குநருக்குப் பன்னீர்ப் புகையிலை. மணிக்கொரு சிட்டிகை.

போன மாதம் டப்பாவை அவள் மேசையில் மறந்துவிட்டுப் போனார்.

அவள் ஒரு சிட்டிகை எடுத்தாள். நீர் விட்டு அரைத்தாள். நோயில்லாத ஒரு மிளகாய்ச் செடியின் இலையில் தேய்த்தாள்.

இரண்டு வாரத்தில் அதே திட்டுகள்.

மரபணு வரிசையையும் பார்த்துவிட்டாள். முதல் வரிசையில் இருந்ததும் டப்பாவில் இருந்ததும் ஒன்றேதான். புகையிலை மொசைக். நூறு வருடத்துக்கு மேலாகப் பாடப்புத்தகத்தின் முதல் அத்தியாயத்தில் இருப்பது.

கையெழுத்துப் போடாமலே தாளை நான்காக மடித்துக் கோட்டுப் பையில் வைத்தாள்.

சற்குணம் கடிகாரத்தைப் பார்த்தார்.

பதினோரு மணி. கேமராக்கள். ஒரு சால்வை. இயக்குநர் இரவு பகல் பாராத உழைப்பைப் பற்றிப் பேசினார். பிறந்த மண்ணைப் பற்றிப் பேசினார். குரல் சரியான நேரத்தில் தழுதழுத்தது.

பின்னாலிருந்து ஒரு பெண் நிருபர் கேட்டாள். "இது எப்படி சார் பரவுது?"

"அந்த மாதிரிச் சின்ன விவரமெல்லாம் நம்ம பொண்ணு சொல்லும்."

கேமராக்கள் அவள் பக்கம் திரும்பின.

"சார், உங்க வலது கையைக் கொஞ்சம் காட்டுங்க."

படத்துக்கு என்று நினைத்து, அவர் சிரித்தபடி நீட்டினார்.