ஈ இல்லாத கிரகம்

எருமையின் முதுகில் சவாரி செய்யும் கரிச்சான் குருவிக்கு விண்வெளிக் கதைகள் என்றால் உயிர். எருமைக்கோ கதை என்றாலே கொட்டாவி வரும்.

"ராக்கெட்டும் வேணாம், கிரகமும் வேணாம். எனக்குப் புல்லு போதும்" என்று தலையை ஆட்டிவிடும். கேட்க ஆளில்லாமல் சலித்துப்போன குருவி ஒருநாள் வேறு விதமாக ஆரம்பித்தது.

"ஒரு கிரகத்துல ஓர் எருமை இருந்துச்சாம். அங்கே ஈயே கிடையாதாம்."

எருமை அசைபோடுவதை நிறுத்தியது. "ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட இல்லை."

"அப்போ வாலுக்கு என்ன வேலை?"

குருவிக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அங்கே எருமைகள் வாலால் ஓவியம் தீட்டும் என்று அளந்துவிட்டது. எருமை குலுங்கிச் சிரித்து, "மேலே சொல்லு, மேலே சொல்லு" என்றது. பொழுது சாயும்வரை கதை வளர்ந்தது.

திடீரென்று எருமை கழுத்தைத் திருப்பி முதுகைப் பார்த்தது. "ஏய், ஈ இல்லேன்னா அங்கே நீ எதைத் தின்னுவே?"

குருவி அதை யோசிக்கவே இல்லை.

"கதையை மாத்து" என்றது எருமை. "நாலு ஈ இருந்துட்டுப் போகட்டும். நான் பொறுத்துக்கிறேன்."